பால் கொடுக்கும் தாய்க்கு மார்பில் வீக்கமும் காய்ச்சலும் வந்தால்: புதிய தாய்மார்களுக்கான வழிகாட்டி

பிரசவமாகி இரண்டு மூன்று வாரங்கள் ஆன நிலையில், இரவு வழக்கம்போலப் பால் கொடுத்துவிட்டுப் படுத்த தாய் விடியற்காலையில் குளிரில் நடுங்கியபடி எழுவதும், உடம்பெல்லாம் அடித்துப் போட்டதுபோல் வலிப்பதும், ஒரு பக்க மார்பில் துணி பட்டால்கூடத் தாங்க முடியாமல் இருப்பதும் பல வீடுகளில் நடப்பதுதான். இது மார்பக அழற்சி. மருத்துவர்கள் இதை மாஸ்டைடிஸ் என்பார்கள். பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களுக்குள் வருகிறது என்றாலும், பால் கொடுக்கும் காலம் முழுவதும் இது வரக்கூடியதே.

இந்த நேரத்தில் வீட்டிலிருப்பவர்கள் பதற்றத்தில் இரண்டு காரியங்களைச் செய்துவிடுகிறார்கள். ஒன்று, கெட்டுப்போன பால் என்று நினைத்துக் குழந்தைக்குக் கொடுப்பதை நிறுத்துவது. மற்றொன்று, கட்டியைக் கரைப்பதாக எண்ணிச் சூடாக ஒத்தடம் கொடுத்து அழுத்திப் பிசைந்து பீச்சுவது. இரண்டுமே தாயின் மேல் உள்ள அக்கறையால் செய்யப்படுபவை. ஆனால் இரண்டுமே நோயை வளர்க்கக்கூடியவை. எதைப் பார்த்து அடையாளம் காண வேண்டும், முதல் நாளில் என்ன செய்ய வேண்டும், எந்தக் கட்டத்தில் மருத்துவரிடம் போக வேண்டும் என்பதை அந்த வரிசையிலேயே இங்கே சொல்கிறேன்.

இது அழற்சிதானா என்று பார்ப்பது

பிரசவத்துக்குப் பின் மூன்றாவது நாள் முதல் ஐந்தாவது நாள் வரையில் இரண்டு மார்புகளும் ஒருசேரக் கனத்து, கல்லாக இறுகி, உடம்பு இலேசாகச் சுடுவது பால் சுரப்பு தொடங்குவதால் வருவது. இதைத்தான் பால் கட்டிக்கொண்டது என்கிறோம். குழந்தை அடிக்கடி குடிக்கக் குடிக்க ஓரிரு நாட்களில் இது தணிந்துவிடும். மார்பில் ஓரிடத்தில் மட்டும் சிறு கட்டிபோல நெருடி, தொட்டால் வலித்து, காய்ச்சல் இல்லாமல் இருந்தால், அந்தப் பகுதியில் பால் குழாய்கள் வீக்கத்தால் குறுகியிருக்கின்றன என்று பொருள். அழற்சிக்கு முந்தைய படி இது.

அழற்சி என்பது பெரும்பாலும் ஒரு பக்கத்தில்தான் வரும். காம்பிலிருந்து வெளிப்புறமாக விரிந்து செல்லும் முக்கோணம் போன்ற ஒரு பகுதி தடித்து, சூடேறி, கடுமையாக வலிக்கும். கூடவே 38.5 டிகிரி செல்சியஸ், அதாவது 101 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சல், குளிர் நடுக்கம், கைகால் உளைச்சல், தலைவலி ஆகியவை சில மணி நேரத்துக்குள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேரும். சிலருக்கு அந்தப் பக்க அக்குளில் நெறியும் கட்டியிருக்கும்.

மருத்துவ நூல்களும் இணையப் படங்களும் தோல் சிவந்திருக்கும் என்று சொல்வதை நம்பிச் சிவப்பை மட்டும் தேடினால் நம்மில் பலர் ஏமாந்துபோவோம். மாநிறமான அல்லது கறுத்த தோலில் சிவப்பு தெளிவாகத் தெரியாது. அந்த இடம் சுற்றியுள்ள தோலைவிடச் சற்றுக் கருத்தோ, ஊதா பூத்தோ, பளபளப்பாக இழுத்துக் கட்டியதுபோலவோ தோன்றும். ஆகவே பகல் வெளிச்சம் விழும் இடத்தில் கண்ணாடி முன் நின்று, இரண்டு மார்புகளையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பாருங்கள். பிறகு புறங்கையை முதலில் நன்றாக இருக்கும் மார்பிலும், அடுத்து வலிக்கும் மார்பிலும் வைத்துப் பாருங்கள். உள்ளங்கையைவிடப் புறங்கைக்குச் சூட்டின் வேறுபாடு நன்றாகத் தெரியும். மார்பின் வெளிப்புற மேற்பகுதியையும், மார்பின் அடியில் மடிப்பு விழும் இடத்தையும் விட்டுவிடாதீர்கள். படுத்திருக்கும்போது கைக்குத் தட்டுப்படாத வீக்கம் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

வெப்பமானியை வாயில் வைத்துப் பாருங்கள். மார்பு வீங்கியிருக்கும்போது அந்தப் பக்க அக்குளில் வைத்தால், உடம்பின் உண்மையான சூட்டைவிட அதிகமாகக் காட்டக்கூடும்.

பிரசவித்த பெண்ணுக்கு வரும் காய்ச்சல் எல்லாம் மார்பிலிருந்து வருவதில்லை. மார்பில் எந்த மாற்றமும் இல்லாமல் காய்ச்சல் அடித்தால், அடிவயிற்று வலி, நாற்றமுள்ள உதிரப்போக்கு, சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், தையல் போட்ட இடத்தில் சீழ், காலில் ஒருபக்க வீக்கம் ஆகியவற்றில் ஏதேனும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அன்றைக்கே மருத்துவரிடம் செல்ல வேண்டும். இவற்றைக் காத்திருந்து பார்க்கக் கூடாது.

உள்ளே நடப்பது என்ன

சிகிச்சை முறையின் பின்னால் உள்ள காரணம் புரிந்துவிட்டால், வீட்டில் ஆளுக்கொன்று சொல்லும்போது எதை ஏற்பது எதை விடுவது என்பது தாய்க்கே தெரிந்துவிடும். மார்புக்குள் பால் குழாய்கள் மிக மெல்லியவை. ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்தவை. குழந்தை சரியாகப் பிடித்துக் குடிக்காததாலோ, திடீரென்று நீண்ட இடைவெளி விழுந்ததாலோ, குழந்தைக்குத் தேவையானதைவிட அதிகமாகப் பால் சுரப்பதாலோ மார்பின் திசுக்களில் இரத்தமும் நிணநீரும் தேங்கி வீக்கம் உண்டாகிறது. அந்த வீக்கம் வெளியிலிருந்து குழாய்களை நெருக்குகிறது. பால் போக வழியில்லாமல் பின்னால் தங்குகிறது. வீக்கம் மேலும் கூடுகிறது. ஒரு குழாயின் நடுவே கெட்டியான பால் தக்கைபோல அடைத்துக்கொண்டிருக்கிறது, அதை அழுத்தி வெளியே தள்ளிவிட்டால் போதும் என்ற எண்ணம் பரவலாக இருந்தாலும், உண்மையில் நடப்பது அதுவன்று.

இந்தக் கட்டத்திலேயே காய்ச்சல் வந்துவிடலாம் என்பது பலருக்கும் தெரியாத செய்தி. காய்ச்சல் இருக்கிறது என்பதாலேயே கிருமித் தொற்று இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. அழற்சி மட்டும்கூட உடம்பைச் சுட வைக்கும். அந்த அழற்சி தணியாமல் நீடித்தாலோ, காம்பில் வெடிப்பு இருந்தாலோ தொற்று வந்து சேர்கிறது. பெரும்பாலும் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமிதான் காரணம். அது நம் தோலிலும் குழந்தையின் மூக்கிலும் சாதாரணமாகவே இருப்பது. ஆகவே தாய் சுத்தமாக இல்லாததால் வந்தது என்று யாரும் அவளைக் குறை சொல்ல இடமில்லை.

தாய்ப்பால் மருத்துவத்துக்கான பன்னாட்டு அமைப்பான அகாடமி ஆஃப் பிரெஸ்ட்ஃபீடிங் மெடிசின் 2022-இல் தன் வழிகாட்டு நெறிகளைத் திருத்தியது. சூடு, அழுத்திப் பிசைதல், மார்பைக் காலியாக்குதல் என்று முன்பு சொல்லப்பட்டு வந்ததற்கு மாறாக, குளிர் ஒத்தடம், வீக்கம் குறைக்கும் மாத்திரை, வழக்கமான அளவில் பால் கொடுத்தல், அழுத்தாமல் விடுதல் என்பதே இப்போதைய அறிவுரை. சுளுக்கி வீங்கிய கணுக்காலை யாரும் முழு பலத்தோடு பிசைய மாட்டார்கள். வீங்கிய மார்பும் அப்படிப்பட்டதுதான். பழைய முறையில் பயிற்சி பெற்ற செவிலியர்களும் மருத்துவர்களும் இன்னும் பலர் இருப்பதால், மருத்துவமனையிலேயே மாறான அறிவுரை உங்களுக்குக் கிடைக்கலாம். அப்போது கலங்க வேண்டாம். 2022-க்குப் பிந்தைய நெறிமுறை குளிர் ஒத்தடத்தைச் சொல்கிறதே என்று மரியாதையாகக் கேட்கலாம்.

முதல் 24 மணி நேரம்

முதலாவதாக, பால் கொடுப்பதை நிறுத்தாதீர்கள். அழற்சி உள்ள மார்பின் பால் நிறைமாதத்தில் பிறந்து நலமாக இருக்கும் குழந்தைக்குத் தீங்கு செய்யாது. தொற்று இருந்தாலும் அப்படித்தான். மாறாக, திடீரென்று நிறுத்தினால் பால் தேங்கிச் சீழ்க்கட்டி உருவாகும் வாய்ப்பு கூடுகிறது. அழற்சியின்போது பாலில் உப்புச் சத்து கூடுவதால் சுவை சற்று மாறும். சில குழந்தைகள் அந்தப் பக்கம் வாய் வைத்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அது பால் கெட்டுவிட்டதன் அடையாளம் அல்ல. சில நாட்களில் சுவை பழையபடி திரும்பிவிடும். அதுவரை குழந்தை மறுத்தால் அந்தப் பக்கத்துப் பாலைக் கையால் பீச்சி, சங்கில் அல்லது பாலாடையில் புகட்டலாம்.

இதற்கு விலக்குகள் உண்டு. எச்.ஐ.வி. தொற்றுள்ள தாய்மார்கள் வலியுள்ள பக்கத்தில் குழந்தைக்குப் பால் கொடுக்காமல், தாமதிக்காமல் எச்.ஐ.வி.க்கு மருந்து தரும் தங்கள் ஏ.ஆர்.டி. மையத்தைத் தொடர்புகொள்ள வேண்டும். குறைமாதத்தில் பிறந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும் குழந்தைக்குப் பீச்சிய பாலைக் கொடுக்கும் முன் அங்குள்ள குழந்தை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். காம்பின் வழியாகச் சீழ் வெளிப்படையாக வருகிறது என்றால் மருத்துவர் பார்க்கும் வரை அந்தப் பக்கப் பாலைக் குழந்தைக்குக் கொடுக்காமல் பீச்சி விடுங்கள்.

குழந்தை கேட்கும்போதெல்லாம், ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை வரை, எப்போதும் கொடுப்பதுபோலவே இரண்டு பக்கமும் கொடுங்கள். வலிக்கும் மார்பைக் காலியாக்கியே தீர வேண்டும் என்று பால் கொடுத்த பிறகும் பம்பு வைத்து உறிஞ்சுவது வேண்டாம். எடுக்க எடுக்க உடம்பு இன்னும் அதிகமாகச் சுரக்கும், வீக்கமும் கூடும். மார்பு இறுகிக் குழந்தைக்குப் பிடிபடவில்லை என்றால், ஐந்து விரல்களின் நுனியையும் காம்பைச் சுற்றிப் பூப்போல வைத்து, உடம்பை நோக்கி உள்பக்கமாக மெதுவாக அழுத்தி ஒரு நிமிடம் அப்படியே பிடித்திருங்கள். காம்பைச் சுற்றியுள்ள நீர் பின்னால் விலகி, கருவளையம் மெத்தென்று ஆகிவிடும். உடனே குழந்தையை வைத்தால் பிடித்துக்கொள்ளும். அப்போதும் முடியவில்லை என்றால், பாரம் சற்றுக் குறையும் வரை மட்டும் கையால் பீச்சி விடலாம்.

இரண்டாவதாக, குளிர் ஒத்தடம். ஐஸ் கட்டியையோ, குளிர்பதனப் பெட்டியில் வைத்த ஈரத் துணியையோ மெல்லிய பருத்தித் துணியில் சுற்றி, வீங்கிய இடத்தின்மேல் 10 முதல் 15 நிமிடம் வையுங்கள். மணிக்கு ஒருமுறை வரை இதைச் செய்யலாம். ஐஸ் கட்டி நேரடியாகத் தோலில் படக் கூடாது.

இங்கேதான் பெரும்பாலான வீடுகளில் சிக்கல் வரும். "பச்சை உடம்புக்காரி, ஐஸ் வைத்தால் ஜன்னி கண்டுவிடும், குழந்தைக்கும் சளி பிடிக்கும்" என்று பாட்டியோ மாமியாரோ தடுப்பார்கள். அவர்கள் பயம் வெறும் பிடிவாதம் அன்று. பிரசவக் காய்ச்சலில் பெண்கள் இறந்துபோனதைக் கண்ட தலைமுறையிலிருந்து வந்த பயம் அது. ஆனால் ஜன்னியைக் கொண்டுவந்தது கிருமித் தொற்றுதான். மார்பின்மேல் வைத்த குளிர்ந்த துணி அல்ல. தாயின் மார்புத் தோல் குளிர்ந்தாலும் உள்ளிருந்து வரும் பால் உடம்பின் சூட்டில்தான் வரும். இதைப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். அப்படியும் அவர்கள் மனம் ஒப்பவில்லை என்றால், பானைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியிலிருந்தாவது தொடங்குங்கள். வலி குறைவதைக் கண்ணால் பார்த்தால் அவர்களே அடுத்த துணியை நனைத்துத் தருவார்கள். பால் கொடுக்கத் தொடங்கும் முன் இரண்டொரு நிமிடம் வெதுவெதுப்பான துணியை வைப்பது சிலருக்குப் பால் இறங்க உதவும், அதில் தவறில்லை; நீண்ட நேரச் சூடுதான் வேண்டாம்.

மூன்றாவதாக, மாத்திரை. ஐபுப்ரோஃபென் 400 மில்லிகிராம், சாப்பாட்டுக்குப் பின், எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்தால் வீக்கம், வலி, காய்ச்சல் மூன்றும் தணியும். பாரசிட்டமால் 500 அல்லது 650 மில்லிகிராம் ஆறு மணி நேர இடைவெளியில் எடுக்கலாம்; அது வலிக்கும் காய்ச்சலுக்கும் நல்லது, ஆனால் வீக்கத்தை அவ்வளவாகக் குறைக்காது. இரண்டுமே பால் கொடுக்கும் தாய் எடுத்துக்கொள்ளத்தக்கவை. பாலில் மிகச் சிறிதளவே கலப்பவை. குடல் புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா, பிரசவத்தின்போது உயர் இரத்த அழுத்தம் ஆகியவை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஐபுப்ரோஃபென் எடுக்க வேண்டாம். மழைக்காலத்தில் இன்னொரு எச்சரிக்கை: மார்பில் தெளிவான வீக்கம் இல்லாமல் காய்ச்சலும் உடல்வலியும் மட்டும் இருந்தால் அது டெங்குவாக இருக்கலாம், டெங்குவில் ஐபுப்ரோஃபென் இரத்தக் கசிவை உண்டாக்கக்கூடும் என்பதால், அது இல்லை என்று உறுதியாகும் வரை பாரசிட்டமால் மட்டுமே போதும். ஆஸ்பிரின் வேண்டாம்.

நான்காவதாக, ஓய்வு. இதை எழுதுவது எளிது, கிடைப்பதுதான் அரிது. முதல் நாள் முழுவதும் தாயும் குழந்தையும் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருக்க, பால் கொடுப்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும், துணி மாற்றுவது முதல் சமையல் வரை, கணவரும் வீட்டிலிருப்பவர்களும் பார்த்துக்கொள்ள வேண்டும். இதைத் தாய் கெஞ்சிக் கேட்கும்படி வைக்கக் கூடாது. தாகத்துக்கு ஏற்றபடி தண்ணீர், மோர், கஞ்சி, இளநீர் எதுவானாலும் குடிக்கலாம். பத்தியம் என்ற பெயரில் தண்ணீரைக் குறைப்பது காய்ச்சல் நேரத்தில் ஆபத்தானது.

படுத்திருக்கும்போது இதையும் செய்யலாம்: காரை எலும்பின் மேல் குழியிலும் அக்குளிலும் விரல்களால் சிறு வட்டமாக சில முறை வருடிவிட்டு, பிறகு காம்பிலிருந்து அக்குளை நோக்கியும் காரை எலும்பை நோக்கியும், பூனைக்குட்டியைத் தடவும் அளவு மென்மையாகத் தோலை வருடிவிடுங்கள். நிணநீர் வடிந்து வீக்கம் குறைய இது துணைபுரியும். தோல் அசைந்தால் போதும். உள்ளே இருக்கும் கட்டி விரலுக்குத் தட்டுப்படுகிறது என்றால் நீங்கள் தேவைக்கு மேல் அழுத்துகிறீர்கள்.

உள்ளாடை மார்பைத் தாங்கிப் பிடிக்க வேண்டும், இறுக்கக் கூடாது. காம்பில் வெடிப்பு இருந்தால் சோப்பு போடாமல் வெறும் தண்ணீரில் கழுவி, பால் கொடுத்த பின் துளிப் பாலையோ லானோலின் களிம்பையோ தடவலாம். காம்பின் நுனியில் வெள்ளைப் புள்ளிபோல் கொப்புளம் இருந்தால் ஊசியால் குத்தாதீர்கள்.

மல்லிகைப்பூ, முட்டைக்கோஸ், சீப்பு

மல்லிகைப்பூவை மார்பில் வைத்துக் கட்டுவது தமிழ்நாட்டில் நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம். அதற்கு உண்மையிலேயே பயன் உண்டு, ஆனால் அந்தப் பயன் பால் சுரப்பைக் குறைப்பது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நடந்து 1988-இல் வெளியான ஆய்வு, பால் வற்றுவதற்குக் கொடுக்கப்பட்ட புரோமோகிரிப்டின் மாத்திரையோடு மல்லிகைப்பூவை ஒப்பிட்டுப் பார்த்து, பூவும் பால் சுரப்பைக் குறைப்பதாகக் கண்டது. ஆகவே, குழந்தைக்குத் தொடர்ந்து பால் கொடுக்க விரும்பும் தாய் அழற்சிக்கு மருந்தாக மல்லிகையைக் கட்டக் கூடாது. குழந்தையை இழந்த தாய்மார்களுக்கும் பால் சுரக்கும், அவர்களுக்கும் அழற்சி வரும்; வீட்டின் துக்கத்தில் அவர்கள் உடம்பின் வலியை யாரும் கேட்பதில்லை. குளிர் ஒத்தடம், வலி மாத்திரை, பாரம் குறையும் அளவுக்கு மட்டும் பீச்சி விடுதல், மருத்துவர் சொன்னால் பால் வற்றும் மாத்திரை ஆகியவை அவர்களுக்கு வேண்டியவை. மல்லிகையும் அவர்களுக்குப் பொருந்தும்.

குளிர வைத்த முட்டைக்கோஸ் இலை வலிக்கு இதமாக இருக்கும். இலையில் உள்ள ஏதோ மருந்தால் என்பதைவிட அதன் குளிர்ச்சியால் என்றே எனக்குத் தோன்றுகிறது. இலையைக் கழுவித் துடைத்து வைத்தால் கெடுதல் இல்லை, காம்பில் வெடிப்பு இருந்தால் அந்த இடத்தைத் தவிர்க்கவும். சீப்பால் அழுத்தி வாருவது, எண்ணெய் தேய்த்து நீவிவிடுவது, மின்சார மசாஜ் கருவியை வைப்பது ஆகிய மூன்றும் உள்ளே இருக்கும் மெல்லிய திசுக்களைக் கிழித்து வீக்கத்தைப் பெருக்குபவை; இவற்றை அறவே விட்டுவிடுங்கள். பால் ஊற வேண்டும் என்று கொடுக்கப்படும் பூண்டுக் குழம்பு, பால்சுறாப் புட்டு ஆகியவற்றை உணவாகச் சாப்பிடுவதில் தடையில்லை, ஆனால் ஏற்கெனவே அதிகமாகச் சுரந்து அழற்சி கண்டவர் பால் பெருக்கும் பொடிகளையும் மாத்திரைகளையும் நிறுத்திவைப்பது நல்லது.

மருத்துவரிடம் போகும் நேரம்

மேலே சொன்னவற்றைச் செய்து 24 மணி நேரத்துக்குள் வலியும் காய்ச்சலும் குறையத் தொடங்கவில்லை என்றால் மருத்துவரிடம் போக வேண்டும். சிலர் அந்த 24 மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது: குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் ஏறிக்கொண்டே போகிறவர்கள், காம்பில் ஆழமான வெடிப்போ சீழோ உள்ளவர்கள், இரண்டு மார்பிலும் ஒரே நேரத்தில் அழற்சி கண்டவர்கள், நீரிழிவு நோய் உள்ளவர்கள், அறுவைச் சிகிச்சை மூலம் பிரசவமாகிச் சில நாட்களே ஆனவர்கள் உடனே போக வேண்டும். மூச்சு வாங்குதல், நெஞ்சு படபடப்பு, எழுந்து நின்றால் மயக்கம், சிறுநீர் வெகுவாகக் குறைதல், பேச்சில் குழப்பம் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் தொற்று இரத்தத்தில் பரவியிருக்கலாம். 108-ஐ அழையுங்கள், விடியட்டும் என்று இருக்காதீர்கள்.

தமிழ்நாட்டில் 104 என்ற மருத்துவ உதவி எண்ணில் பேசலாம். கிராமங்களில் கிராம சுகாதார செவிலியரிடம் சொன்னால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வழிகாட்டுவார். ஸ்கேனும் அறுவைச் சிகிச்சை நிபுணரும் தேவைப்படும் நிலையில் மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போவதே நேர்வழி. குழந்தையையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். குழந்தை பிடித்துக் குடிப்பதை மருத்துவரோ செவிலியரோ நேரில் பார்த்தால் பல நேரங்களில் காரணம் அங்கேயே தெரிந்துவிடும்.

மருந்துக்கடையில் சொல்லி இரண்டு நாளைக்கு ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டுக்கொள்வது வேண்டாம். தொற்று இல்லாத அழற்சிக்கு அது தேவையே இல்லை. தொற்று இருந்தால் இரண்டு நாள் மருந்து போதாது, கிருமி பழகி மருந்துக்கு அடங்காததாகிவிடும். மருத்துவர் வழக்கமாகத் தருபவை ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமியைக் கொல்லும் மருந்துகளான ஃப்ளூக்ளாக்சசிலின், டைக்ளாக்சசிலின், செஃபலெக்சின் போன்றவை. பொதுவான அளவு 500 மில்லிகிராம், ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, 10 முதல் 14 நாட்கள். இது உங்களுக்குக் கொடுக்கப்பட்ட சீட்டை நீங்கள் புரிந்துகொள்வதற்காகச் சொன்னது. மருந்தையும் அளவையும் முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர்தான். பென்சிலின் ஒவ்வாமை இருந்தால் முதல் வார்த்தையாக அதைச் சொல்லுங்கள், வேறு மருந்து உண்டு. பால் கொடுத்துக்கொண்டிருக்கிறேன், தொடர்ந்து கொடுக்க விரும்புகிறேன் என்பதை அடுத்ததாகச் சொல்லுங்கள். பாலை நிறுத்தச் சொன்னால், பால் கொடுத்துக்கொண்டே எடுக்கக்கூடிய மருந்து இருக்கிறதா என்று கேளுங்கள். பெரும்பாலும் இருக்கும். மருந்து எடுக்கும் நாட்களில் குழந்தைக்கு மலம் சற்று இளகிப் போகலாம், வாயில் வெள்ளை படியலாம். படிந்தால் குழந்தை மருத்துவரிடம் காட்டிச் சொட்டு மருந்து வாங்கிக்கொள்ளலாம், பாலை நிறுத்த வேண்டியதில்லை.

ஆன்டிபயாடிக் தொடங்கி இரண்டு நாட்களில் தெளிவான முன்னேற்றம் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் அதே மாத்திரையை விழுங்கிக்கொண்டு காத்திருக்காமல் மறுபடியும் போங்கள். பாலைப் பரிசோதனைக்கு அனுப்பி, எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கட்டுப்படுகிறது என்று பார்க்க வேண்டியிருக்கலாம். அல்லது உள்ளே சீழ்க்கட்டி உருவாகியிருக்கலாம்.

சீழ்க்கட்டி

அழற்சி கண்ட தாய்மார்களில் நூற்றுக்கு 3 முதல் 11 பேருக்குச் சீழ்க்கட்டி உண்டாகிறது. காய்ச்சல் சற்று விட்டதுபோல் இருந்தாலும் ஓரிடத்தில் மட்டும் கட்டி நாளுக்கு நாள் துலக்கமாகி, அதன் நடுவே தொட்டால் நீர் நிறைந்த பைபோல் தளும்புவதும், மேல்தோல் மெலிந்து பளபளப்பதும் இதன் அடையாளங்கள். ஆழத்தில் இருந்தால் கைக்குத் தெரியாது; அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்தான் காட்டும்.

மாத்திரை மட்டும் சீழை வற்ற வைக்காது, அதை வெளியே எடுத்தாக வேண்டும். இப்போது பெரும்பாலும் முதலில் செய்வது, மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே ஊசியால் சீழை உறிஞ்சி எடுப்பது. மீண்டும் சேர்ந்தால் சில நாள் இடைவெளியில் இன்னொரு முறையோ இரண்டு முறையோ எடுக்க வேண்டியிருக்கும். கட்டி பெரிதாக இருந்தாலோ மேல்தோல் உடையும் நிலையில் இருந்தாலோ சிறிய வெட்டுப் போட்டு வடிகுழாய் வைப்பார்கள். இதற்குப் பிறகும் பால் கொடுக்கலாம். குழந்தையின் வாய் வெட்டுப்பட்ட இடத்தில் படாமல் இருந்தால் அதே பக்கத்திலும் கொடுக்கலாம், கொடுப்பது காயம் ஆறவும் உதவும். வெட்டிய இடம் வழியாகச் சில நாள் பால் கசிவதைக் கண்டு பயப்பட வேண்டாம். பழைய பழக்கத்தில் பால் வற்றும் ஊசி போட்டுவிடலாம் என்று சொன்னால், ஊசியால் சீழ் எடுக்கும் வசதி உள்ள மருத்துவமனை எது என்று கேட்டு அங்கே போவது நல்லது என்பது என் கருத்து.

மறுபடியும் வராமல் இருக்க

குழந்தை எப்படிப் பிடித்திருக்கிறது என்பதைப் பாருங்கள். வாய் அகலமாகத் திறந்து, கீழுதடு வெளிப்பக்கம் மடிந்து, தாடை மார்பைத் தொட்டுக்கொண்டு, கருவளையம் கீழே மறைந்து மேலே சற்று அதிகமாகத் தெரிந்தால் பிடிப்பு சரி. காம்பை மட்டும் கவ்வியிருந்தால் வாயின் ஓரத்தில் சுண்டுவிரலை நுழைத்து விடுவித்துவிட்டு மறுபடி வையுங்கள். வேலைக்குத் திரும்பும் தாய்மார்கள் ஒரே நாளில் நான்கு வேளைப் பாலை நிறுத்திவிட்டு அலுவலகத்தில் எட்டு மணி நேரம் மார்பு கனக்க உட்கார்ந்திருப்பதுதான் பிற்கால அழற்சிக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று. சில நாட்களுக்கு ஒரு வேளை என்ற கணக்கில் குறைத்துவாருங்கள், வேலையிடத்தில் குழந்தை குடிக்கும் அளவுக்குப் பீச்சி எடுக்க ஓர் அறையைக் கேட்டு வாங்குங்கள். பம்பின் புனல் காம்புக்கு மிகச் சிறிதாகவோ மிகப் பெரிதாகவோ இருந்தால் அதுவே காயம் உண்டாக்கும்.

காய்ச்சலும் வலியும் போன பிறகும் ஒரு சிறு தடிப்பு சில நாள் இருக்கலாம், பால் சுரப்பும் அந்தப் பக்கம் சற்றுக் குறைந்திருக்கலாம். இரண்டும் தாமாகச் சரியாகும். ஆனால் சிகிச்சை முடிந்த பிறகும் கட்டி கரையாமல் நின்றாலோ, அதே இடத்தில் திரும்பத் திரும்ப அழற்சி வந்தாலோ, தோல் ஆரஞ்சுப் பழத்தோல்போலப் புள்ளி புள்ளியாகத் தடித்தாலோ, காம்பு புதிதாக உள்ளிழுத்துக்கொண்டாலோ ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். மிக அரிதாகவே என்றாலும் அழற்சிபோல் தோன்றும் புற்றுநோய் உண்டு. நம் நாட்டில் மார்பகக் காசநோயையும் நினைவில் வைக்க வேண்டியிருக்கிறது, குறிப்பாக ஆறாமல் புரையோடும் கட்டிகளில். பால் கொடுக்கும் காலத்தில் ஸ்கேன் எடுக்கலாம், மேமோகிராம் என்னும் மார்பக எக்ஸ்ரே எடுக்கலாம், தேவைப்பட்டால் ஊசியால் திசு எடுத்தும் சோதிக்கலாம். எதற்காகவும் பாலை நிறுத்திவிட்டு வரும்படி யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஸ்கேன் அறைக்குள் போவதற்குச் சற்று முன் குழந்தைக்குப் பால் கொடுத்துவிடுங்கள். மார்பு இளகியிருந்தால் படம் தெளிவாக வரும், அழுத்தும்போது வலியும் குறைவாக இருக்கும்.